புது ஃபோர்க் வாங்கும் முன்

என்னுடையது 26 அங்குலச் சக்கரம் போட்ட பழைய மவுண்டன் பைக். பின்னால் ஷாக் கிடையாது, முன்னால் 100 மி.மீ. அமுங்கும் ராக் ஷாக்ஸ் ரீகான் ஏர் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும், காற்றில் இயங்கும் கவை. கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கினால் முன்சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும், வளைவில் வெளியே இழுக்கும். வீட்டுக்கு வந்தபின்னும் உள்ளங்கை எரியும். ஃபோர்க்கை மாற்றச் சொன்னார்கள். மாற்றாமலே சரிசெய்தேன். நான் செய்த வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஃபோர்க் திரும்பும் கழுத்து பேரிங்கான ஹெட்செட்டில் விரலை வைத்தால் ஆட்டம் தெரியும். இருந்தால் ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைக் கழுத்தோடு இணைக்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கி, பக்க போல்ட்டுகளைத் திரும்ப முடுக்குங்கள். ஆட்டம் ஹெட்செட்டில் இல்லாமல் ஃபோர்க் குழாய்க்கும் அதன்மேல் சறுக்கும் கீழ்க்காலுக்கும் நடுவில் இருந்தால், அங்கே உள்ள புஷ் என்ற வளையம் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் எந்தத் திருகைத் திருகியும் பயனில்லை.

அடுத்தது ஆயில். என் ஃபோர்க்கை மெல்ல அழுத்தினால் திக்கித் திக்கித்தான் இறங்கியது. பல வருடமாக யாரும் திறக்கவில்லை. காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு காற்று முழுவதையும் இறக்கினேன். ரீபவுண்ட் திருகை (அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை மாற்றுவது) கழற்றி, அடி போல்ட்டுகள் இரண்டையும் மூன்று நான்கு சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டியதும் உள்தண்டு விடுபட்டது. கீழ்க்கால்களை உருவினால் கறுப்பாக ஒரு ஸ்பூன் ஆயில்தான் மிச்சம். சீலுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் வளையங்கள் காய்ந்து கிடந்தன. துடைத்து, வளையங்களை ஆயிலில் ஊறவைத்து, கீழ்க்கால்களைப் பாதி ஏற்றி, சைக்கிளைச் சாய்த்து, அடித்துளை வழியாகச் சிரிஞ்சில் காலுக்கு 15 மில்லி, 15 வெயிட் (கெட்டித்தன்மை எண்) ஆயில் விட்டேன். பிறகு கீழ்க்கால்களை முழுதும் ஏற்றி அடி போல்ட்டுகளை முடுக்கினேன். வேறு ஃபோர்க் என்றால் அதன் கையேட்டில் உள்ள அளவைப் பாருங்கள். பாதிக் குறை இதிலேயே தீர்ந்தது.

இப்போதுதான் காற்று. முன்பு குறித்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, சீலோடு ஒட்டித் தள்ளிவையுங்கள். வழக்கமாகத் தூக்கும் பையையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி பெடல்மேல் நின்று, பிறகு மெல்ல இறங்குங்கள். டை 20 முதல் 25 மி.மீ. நகர்ந்திருந்தால் சரி. ஃபோர்க்குக்குக் காற்றேற்றும் ஷாக் பம்பைத் திரும்ப மாட்டும்போது பம்பின் குழாய்க்குள் கொஞ்சம் காற்று போவதால் அளவு குறைவாகக் காட்டும். காற்று கசிகிறது என்று பயப்படாதீர்கள்.

என் உள்ளங்கை எரிச்சலுக்குக் காரணம் ரீபவுண்ட். அதை மிக மெதுவாக வைத்திருந்தேன். அடுத்தடுத்துக் கல் வந்தபோது ஃபோர்க் எழ நேரமில்லாமல் அமுங்கியே கிடந்தது. நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடி இறங்கிப் பாருங்கள். ஃபோர்க் ஒரே மூச்சில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டாம் முறை துள்ளக் கூடாது. மார்கழிக் காலையில் ஆயில் கெட்டியாகி எழுச்சி மந்தமாகும். அன்று ஒரு கிளிக் வேகமாக வைப்பேன்.

110 மி.மீ. ஸ்டெம்மை 80 ஆக்கி, ஹேண்டில்பாரை 680 மி.மீ. அகலத்துக்கு மாற்றியதும் வளைவில் இழுப்பது நின்றது. 130 மி.மீ. ஃபோர்க் போடும் ஆசை எனக்கும் வந்தது. ஃபோர்க் 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபிரேமின் கழுத்துக் கோணம், ஏறத்தாழ ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும், 100 மி.மீ.க்காகச் செய்த ஃபிரேமின் கழுத்துக்கும் பாரம் கூடும். அதனால் விட்டுவிட்டேன்.

ஒரு சவாரிக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து குறித்துவையுங்கள். கேபிள் டையைக் கழற்ற வேண்டாம். கரடான இறக்கம் முடிந்ததும் அது 90 மி.மீ. பக்கம் நிற்க வேண்டும். 70ஐத் தாண்டவே இல்லையென்றால் காற்றழுத்தத்தை 5 பி.எஸ்.ஐ. இறக்கிவிட்டு அதே பாதையில் இன்னொரு முறை இறங்குங்கள்.