டேட்டாபேஸ் ஒப்பந்தம்: சிறு ஆய்விதழ்கள் சறுக்கும் இடங்கள்

வேலூர், காட்பாடிப் பக்கம் கல்லூரித் துறைகளும் சிறு சங்கங்களும் நடத்தும் ஆய்விதழ்களுக்கு எப்ஸ்கோ, புரோகுவெஸ்ட் மாதிரி டேட்டாபேஸ் நிறுவனங்களிடமிருந்து உரிம ஒப்பந்தம் வந்தால், ஆசிரியர் குழுவுக்குத் தலைகால் புரிவதில்லை. வெளிநாட்டு நூலகங்களில் இதழ் தெரியும், ராயல்டியும் வரும். நல்ல வாய்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறார்களே, அங்கேதான் வினை.

பெரிய தவறு, புது இதழை வெளிவந்த அன்றே கொடுத்துவிடுவது. இந்த நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான இதழ்களை ஒரே தொகுப்பாக நூலகங்களுக்கு விற்கின்றன. செலவைக் குறைக்கச் சொன்னதும் நூலகர் என்ன நினைப்பார்? "இது அந்தத் தொகுப்பிலேயே வருதே, தனிச் சந்தா எதுக்கு?" அவர் மேல் தப்பில்லை. கைவிட்டுப்போன சந்தாவுக்குப் பதிலாக வரும் ராயல்டியோ, பெரும்பாலும் எல்லா இதழ்களும் பங்கு போட்டுக்கொள்ளும் தொகையில் ஒரு துண்டு. நம் கட்டுரைகளை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

இதற்காகத்தான் எம்பார்கோ கேட்க வேண்டும். அதாவது, புது இதழ்கள் குறிப்பிட்ட காலம் கழித்தே டேட்டாபேஸில் ஏறும். எல்லோரும் 12 மாதம் என்று எழுதிவிடுகிறார்கள். மருத்துவ இதழுக்கு அது சரி; அங்கே புதிய கட்டுரைக்குத்தான் மவுசு. 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சி பற்றிய கட்டுரையைப் பத்து வருடம் கழித்தும் தேடிப் படிப்பார்கள். வரலாற்று இதழுக்கு ஒரு வருட இடைவெளி போதாது, மூன்று வருடமாவது கேட்கலாம். ஆய்விதழ்களை இணையத்தில் சேமித்துத் தரும் ஜேஸ்டோரின் பழைய இதழ்த் தொகுப்பிலேயே மூன்று முதல் ஐந்து வருட இடைவெளி சகஜம். இலவசமாகவே வெளியிடும் இதழுக்குச் சந்தாவே இல்லை. அவர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை.

அடுத்தது, நம்மிடம் இல்லாத உரிமையைக் கொடுப்பது. பல இதழ்களில் கட்டுரையாளரிடம் வாங்கும் படிவம் ஒரே வரிதான்: "என் கட்டுரையை வெளியிடச் சம்மதிக்கிறேன்." 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உரிமத்துக்கும் இதே விதிதான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உலகம் முழுமைக்கும் உரிமை தருகிறோம், வழக்கு வந்தால் நாங்களே பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறார்கள்! படங்களும் அப்படியே. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணின் பழைய புகைப்படத்தை ஒரு ஆவணக் காப்பகம் அச்சுக்கு மட்டும் அனுமதித்திருந்தால், டேட்டாபேஸுக்குப் போகும் பிடிஎஃப்பில் அந்த இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

"இனி வரும் எந்தத் தொழில்நுட்பத்திலும்" என்ற சொற்களைக் கண்டால் பேனாவை மூடிவிடுங்கள்; செயற்கை நுண்ணறிவும் அதில் அடங்கிவிடலாம். 2024-இல் ஆய்விதழ்ப் பதிப்பகமான டெய்லர் அண்ட் பிரான்சிஸின் தாய் நிறுவனம் இன்பார்மா, தன் வெளியீடுகளைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட்டுடன் ஒப்பந்தம் போட்டது. முதல் தொகையே ஒரு கோடி டாலர். "எங்களைக் கேட்கவே இல்லை" என்று கட்டுரையாளர்கள் கொதித்தார்கள். செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அதைத் தனி ஷரத்தாக, தனி விலையோடு பேசுங்கள்.

வேறு எந்த டேட்டாபேஸுக்கும் இதழைத் தரக்கூடாது என்ற நிபந்தனையைச் சின்ன இதழ் ஏற்கவே வேண்டாம். தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து இருந்தால் விலகல் நோட்டீஸ் தேதியை அலுவலகக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அப்புறம் வரி. அமெரிக்க நிறுவனம் அங்கே ஈட்டித் தரும் ராயல்டியில், வெளிநாட்டு அமைப்புகள் நிரப்பித் தரும் அமெரிக்க வரிப் படிவமான டபிள்யூ-8பென்-இ போகாவிட்டால் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகைக்குத் தகுதி இருந்து, படிவத்தில் அதைச் சரியாகக் குறித்து அனுப்பினால் 15 சதவீதம்தான். முதல் காசோலை வருவதற்கு முன்பே ஆடிட்டரிடம் இதைக் கொடுத்துவிடுங்கள்.