வந்த வழியே பதிலும் போக: லினக்ஸ் சர்வரில் இரண்டு லைன்

அல்சூரில் உள்ள எங்கள் அலுவலக சர்வருக்கு இரண்டு இன்டர்நெட் லைன். இரண்டாவது லைன் வந்த அன்று, வெளியிலிருந்து அதன் முகவரிக்குப் பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் பதிலே இல்லை. லைன் கொடுத்தவர்களோடு அரை நாள் போனில் மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் லைனில் ஒரு குறையும் இல்லை, சர்வரில் ஒரு விதி எழுதவில்லை, அவ்வளவுதான்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வரும் தம்பி ஒருவன் எங்களோடு வேலை செய்கிறான். "அண்ணா, பாக்கெட் எத்1 வழியாத்தானே உள்ள வந்துச்சு? பதில் ஏன் எத்0 வழியா போகுது?" என்று கேட்டான். பாக்கெட் என்பது வலையில் போகும் தகவல் துண்டு. எத்0 முதல் லைன் செருகிய இன்டர்ஃபேஸ், எத்1 இரண்டாவது லைனுடையது. சரியான கேள்வி. இது புரிந்துவிட்டால் மீதி தட்டச்சு வேலைதான்.

பாக்கெட் எங்கே போக வேண்டும் என்பதை மட்டுமே கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, வழக்கமாகப் பார்க்கும். எந்த வழியாக வந்தது என்று நினைவில் வைப்பதில்லை. அவனுக்குப் புரிய அவன் ரயிலையே சொன்னேன். பெங்களூரிலிருந்து திரும்பும் வண்டிக்குப் பங்காருப்பேட்டையில் பாயின்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) மாற்றினால்தான் மாரிக்குப்பம் போகும். மாற்றாவிட்டால் நேரே ஜோலார்பேட்டைப் பக்கம்தான். நம் பதிலும் அப்படித்தான், இரண்டாவது லைனின் முகவரியைச் சுமந்துகொண்டு முதல் லைனில் வெளியேறுகிறது. தங்களுடையது அல்லாத முகவரியோடு வரும் பாக்கெட்டை லைன் கொடுப்பவர்கள் பலர் தடுத்துவிடுவார்கள். தடுக்கவும் வேண்டும், 2000-இல் வந்த பிசிபி 38 பரிந்துரை சொல்வதும் அதைத்தான்.

கட்டளைகளை வாசிக்கும் ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, மாற்றம் செய்யும் கட்டளைகளுக்கு முன்னால், நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சுடோ. முகவரிகள் விளக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்வே என்பது லைனின் வெளிவாசல் முகவரி. எத்0: 203.0.113.10, கேட்வே 203.0.113.1. எத்1: 198.51.100.10, கேட்வே 198.51.100.1.

முதலில், இப்போது என்ன நடக்கிறது என்று கெர்னலிடமே கேளுங்கள்:

ஐபி ரூட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 198.51.100.10

விடையில் எத்0 என்று வந்தால் நோய் இதுதான். நான் இந்த ஒரு வரியை முதலிலேயே அடித்திருந்தால் அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து, எத்1-க்கென்று தனி ரூட்டிங் டேபிள், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல். 253, 254, 255 மூன்றும் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பவை, அவற்றைத் தொடாதீர்கள். நாம் 100 எடுப்போம்:

ஐபி ரூட் ஆட் 198.51.100.0/24 டெவ் எத்1 டேபிள் 100
ஐபி ரூட் ஆட் டீஃபால்ட் வயா 198.51.100.1 டெவ் எத்1 டேபிள் 100

டேபிள் மட்டும் இருந்தால் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். பார்க்கச் சொல்லும் விதி வேண்டும், பாயின்ட் மாற்றுவது இதுதான்:

ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 198.51.100.10 டேபிள் 100 ப்ரியாரிட்டி 1000

ஐபி ரூல் ஷோ என்று அடித்துப் பாருங்கள். சிறிய எண் முதலில் பார்க்கப்படும். வழக்கமாகப் பார்க்கப்படும் மெயின் டேபிளுக்கான விதி 32766-இல் இருப்பதால் நம் 1000 அதற்கு முன்பே வந்துவிடும். சர்வரில் மூன்றாவதாக அலுவலக உள்வலை இன்டர்ஃபேஸும் இருந்தால், அந்த வலைக்கான வழியையும் டேபிள் 100-இல் சேருங்கள். இல்லாவிட்டால் எத்1 முகவரியிலிருந்து உள்வலைக்குப் போக வேண்டியதும் வெளியே போய்விடும்.

இனி முதல் கேள்வியை மறுபடி கேட்டால் எத்1 என்று விடை வரும். அதோடு நிறுத்தாமல், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை எத்1-இல் ஓடவிட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து பிங் அடியுங்கள். கேள்வியும் பதிலும் ஜோடியாகத் தெரிய வேண்டும்.

கேள்வி மட்டும் வந்து பதில் கிளம்பவே இல்லையென்றால் பாக்கெட் வந்த வழி சரியா என்று சோதிக்கும் கெர்னல் அமைப்பான ஆர்பி ஃபில்டரைப் பாருங்கள். அதன் மதிப்பு 1 என்றால், பதில் வேறு இன்டர்ஃபேஸில் போகும் என்று தெரிந்த பாக்கெட்டை கெர்னல் வாசலிலேயே போட்டுவிடும். ஃப்ரம் விதி சரியாக இருந்தால் 1-இலேயே வேலை செய்யும், ஆகவே முகவரியில் எழுத்துப்பிழை உண்டா என்று முதலில் தேடுங்கள். அதை 0 ஆக்கி அணைத்துவிடும் பழக்கம் வேண்டாம். தளர்த்தியே ஆக வேண்டுமென்றால் 2 போதும்.

இதுவரை செய்தது எல்லாம் ரீபூட் ஆனால் போய்விடும். உபுன்டுவில், நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் எத்1-க்குக் கீழே ரூட்ஸ் பகுதியில் இரண்டு வழிகளையும் டேபிள் 100 என்று குறித்து எழுதுங்கள். ரூட்டிங்-பாலிசி பகுதியில் ஃப்ரம் விதியை எழுதுங்கள். அப்புறம் அப்ளை என்று அடிக்காமல் நெட்பிளான் ட்ரை அடியுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். இணைப்பு அறுந்து, ராத்திரி சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி அலுவலகத்துக்கு ஓட வேண்டியிருக்காது.