ஃபுல் சைஸ் மெக்கானிக்கல் கீபோர்டா? மொதல்ல டேபிளை அளங்க

போன மாசம் சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணா, நல்ல மெக்கானிக்கல் கீபோர்டு ஒண்ணு சொல்லுண்ணா, பகல்ல டாலில கணக்கு, ராத்திரி வாலோரன்ட் கேம், ரெண்டுக்கும் ஒரே கீபோர்டு, பெருசா நம்பர் பேடோட இருக்கணும்"னான். ஒரு பேரைச் சொல்லிட்டு வெச்சிருக்கலாம். ஆனா நான் இந்த விஷயத்துல மூணு கீபோர்டு வாங்கி ரெண்டை பாதி விலைக்கு வித்தவன், அதனால பேச்சு ஒரு மணி நேரம் இழுத்துடுச்சு, அவன்கிட்ட சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேத்து இங்க எழுதிடறேன்.

நான் பண்ண மொத தப்பு கீபோர்டுலயே இல்ல, டேபிள்ல. ஃபுல் சைஸ்னா 104 கீ, அகலம் கிட்டத்தட்ட 44 சென்டிமீட்டர் வரும். வீட்ல இருக்குற கம்ப்யூட்டர் டேபிள்ல கீழ இழுத்தா ஒரு பலகை வெளிய வரும் பாருங்க, என் வீட்டுப் பலகை 60 சென்டிமீட்டர். கீபோர்டை வெச்சா மிச்சம் 16, அதுக்குள்ளதான் மவுஸ். ஆபீஸ் வேலைக்கு அது போதும், மணிக்கட்டை வெச்சே மவுஸை ஆட்டிக்கலாம். ஆனா ஷூட்டிங் கேம்ல சென்சிட்டிவிட்டியைக் கொறைச்சு வெச்சு ஆடுறவங்க முழங்கையையே இழுத்து ஆடுவாங்க, எதிரி பின்னாடி வந்துட்டான்னு சட்டுனு இடது பக்கம் திரும்பினா மவுஸ் போயி நம்பர் பேட்ல டொக்குனு இடிக்கும். எனக்கு ஒரு மேட்ச்ல நாலு தடவையாவது இடிக்கும், சில சமயம் என்டரும் சேந்து அமுங்கி சாட் பாக்ஸ் தொறந்துக்கும், அதுக்குள்ள ஆள் காலி. கடைசில கீபோர்டை இடது பக்கமா தள்ளித் தள்ளி அது பலகைக்கு வெளிய தொங்குற அளவுக்கு வந்துடுச்சு.

அப்போ நம்பர் பேட் வேண்டாமான்னா, அப்படி இல்ல. டாலி போடுறவங்களுக்கு அது இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும். பில்லுல இருக்குற தொகையைக் கண்ணால பாத்துக்கிட்டே வலது கையால அடிச்சுக்கிட்டுப் போறவங்களை ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல உக்காந்து பாருங்க, விரல் நடுவுல இருக்குற 5-ஐத் தேடாது, அந்த கீ மேல இருக்குற சின்ன மேட்டைத் தொட்டுட்டே ஓடும். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்சேஸ்னு மேல் வரிசையும் அவங்களுக்கு வேணும், அழகா இருக்கேன்னு அந்த வரிசையே இல்லாத 60 பர்சன்ட் கீபோர்டு வாங்கினா ஒவ்வொரு வவுச்சருக்கும் எஃப்என் கீயைப் பிடிச்சுக்கிட்டே அடிக்கணும். அதே சமயம் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்ஸ் கணக்கு பாக்குறவருக்கு 44 சென்டிமீட்டர் எதுக்கு? நம்பர் பேட் இல்லாத 87 கீ கீபோர்டு 36 சென்டிமீட்டர்லயே முடிஞ்சுடும். வேணும்னா தனி யூஎஸ்பி நம்பர் பேட் ஒண்ணு வாங்கிக்கலாம், கேம் ஆடும்போது கழட்டி வெச்சுடலாம். நடுவுல 96 பர்சன்ட்னு ஒரு சைஸ் இருக்கு, எல்லாத்தையும் நெருக்கி வெச்சிருப்பாங்க. பாக்க நல்லா இருக்கும், ஆனா பெரும்பாலும் நம்பர் பேட்ல பூஜ்யம் பாதி சைஸ் ஆகிடும், பழகின கட்டைவிரல் ரைட் ஆரோவை அமுக்கிட்டு நிக்கும். லட்சக் கணக்குல பூஜ்யம் அடிக்கிறவங்க அந்த ஒரு கீயை மட்டுமாவது போட்டோல பெருசு பண்ணிப் பாத்துட்டு வாங்குங்க.

இதோட ஒட்டின இன்னொரு தப்பு, இதை யாரும் சொல்லவே மாட்டாங்க. ஃபுல் சைஸ் வாங்கினதும் மானிட்டருக்கு நேரா கீபோர்டோட நடுப்பகுதியை வெச்சுடுவோம். ஆனா எழுத்தெல்லாம் இடது பக்கம்ல இருக்கு? அதனால ஒடம்பு நாள் முழுக்க லேசா திரும்பியே உக்காந்திருக்கும், ஆறு மாசம் கழிச்சு தோள்பட்டை வலிக்குதுன்னு தைலம் தேய்ப்போம். ஜி, ஹெச் ரெண்டும் தொப்புளுக்கு நேரா வர்ற மாதிரி வையுங்க. பின்னாடி இருக்குற குட்டிக் காலையும் தூக்கி விடாதீங்க, அது மணிக்கட்டை மேல மடிக்கும். மெக்கானிக்கல் கீபோர்டு ஏற்கனவே உயரம்தான்.

சரி, ஸ்விட்ச்சுக்கு வருவோம், காசு போறது இங்கதான். மெக்கானிக்கல்னா ஒவ்வொரு கீக்குக் கீழயும் தனியா ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதோட ரகத்தைத்தான் ப்ளூ, ரெட், ப்ரவுன்னு கலர் பேர்ல சொல்வாங்க. நான் மொதல்ல வாங்கினது ப்ளூ. யூட்யூப்ல சவுண்ட் டெஸ்ட் கேட்டேன், கேட்ட அன்னிக்கே ஆர்டர். அந்த சத்தம் அந்த மைக்கோட, அந்த டேபிளோட, கீழ போட்டிருக்குற விரிப்போட சத்தம்ங்கிறது அப்போ மண்டைல ஏறல. வீட்டுக்கு வந்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு டப டபன்னு அடிச்சா பக்கத்து ரூம்ல இருந்து அம்மா, "என்னடா, ஓட்டு மேல எலி ஓடுது?"ங்கிறாங்க. எங்க வீடு தளம் போட்ட வீடு. ஆபீஸ் கால்ல ஒருத்தர் ரொம்ப மரியாதையா, "உங்க ஊர்ல மழையா சார்?"னு கேட்டார். அன்னிலேர்ந்து மியூட்லயே வாழ்ந்தேன்.

சத்தம்கூட பரவாயில்லன்னு வெச்சுப்போம், கேமுக்கு ப்ளூ சரிப்படாததுக்கு வேற காரணம் இருக்கு. செர்ரி கம்பெனியோட எம்எக்ஸ் ப்ளூ ஸ்விட்ச்சைப் பிரிச்சுப் பாத்தா நீலத் தண்டுல ஒரு வெள்ளைத் துண்டு தனியா ஆடும், 2.2 மில்லிமீட்டர் இறங்கும்போது அதுதான் கீழ தட்டி கிளிக்குனு சத்தம் போடும், அங்கதான் கீ பதிவாகும். ஆனா விரலை எடுக்கும்போது அதே இடத்துல விடாது, இன்னும் கொஞ்சம் மேல வந்தாத்தான் விடும். அதனால ஒரே கீயை படபடன்னு தட்டணும்னா ஒவ்வொரு தடவையும் விரலை நல்லா தூக்கணும். கட்டுரை டைப் பண்ணும்போது தெரியவே தெரியாது, கேம்ல தெரியும். ரெட்ல இந்தத் தொல்லை இல்ல, நேரா இறங்கும், நேரா ஏறும், 2 மில்லிமீட்டர்ல பதிவாகும். ப்ரவுன் நடுவுல, கிளிக் சத்தம் இல்லாம லேசா ஒரு தட்டு மட்டும் விரல்ல தெரியும், சில பேர் அதை ரெட்ல மணல் விழுந்த மாதிரின்னு திட்டுவாங்க. எனக்கென்னவோ டைப்பிங்கும் கேமும் பாதிப் பாதின்னா ப்ரவுன் ஒண்ணும் மோசம் இல்ல. சில்வர்னு ஒண்ணு 1.2 மில்லிமீட்டர்லயே பதிவாகும், வேகம் வேகம்னு விக்கிறாங்க, டைப் பண்ணும்போது விரல் சும்மா மேல பட்டாலே எழுத்து விழும், எனக்கு "வணக்கம்" "வணக்க்கம்" ஆகிக்கிட்டே இருந்துச்சு.

கலர் பேரை நம்பி வேற கம்பெனி ஸ்விட்ச் வாங்குறது அடுத்த பள்ளம். ஜெர்மன் கம்பெனி செர்ரி 1983-ல எம்எக்ஸ் கொண்டு வந்தாங்க, பின்னாடி பேட்டன்ட் காலாவதி ஆனதும் கேட்டரான், கைல், அவுட்டெமுன்னு நிறையப் பேர் அதே மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க. ரெட், ப்ளூ, ப்ரவுன் வரைக்கும் கலர் ஓரளவு ஒத்துப்போகும், அதுக்கு மேல அவங்கவங்க இஷ்டம். செர்ரி கிளியர்னா தட்டு தெரியுற கனமான ஸ்விட்ச், கேட்டரான் கிளியர்னா தட்டே இல்லாத, 35 கிராம் அழுத்தத்துலயே இறங்குற பஞ்சு. பேரு ஒண்ணு, ஆளு வேற. ரேசர் கம்பெனில ஆரஞ்சுன்னா தட்டு, மஞ்சள்னா நேர், பச்சைன்னா கிளிக். அதனால கலரை விட்டுட்டு கிளிக்கா தட்டா நேரா, எத்தனை கிராம்னு மட்டும் பாருங்க.

கிராம்னு சொன்னதும் தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு ஒரு விஷயம். தமிழ்நாடு அரசு 1999-ல அறிவிச்ச தமிழ்99 லேஅவுட்ல உயிரெழுத்து பெரும்பாலும் இடது கைல, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைல. அதுல ந, ய, ச, ஞ, ண, ழ எல்லாம் வலது கை சுண்டு விரல் தலைலதான் விழும். "நியாயம்"னு அடிச்சுப் பாருங்க, ஒரு ந, ரெண்டு ய, மூணுமே சுண்டு விரல். பேக்ஸ்பேஸும் என்டரும் வேற அதே விரல். 45 கிராம் ஸ்விட்ச்ல இது தெரியாது, கெத்தா இருக்கட்டும்னு 60, 65 கிராம் வாங்கிட்டு தினம் ரெண்டு மணி நேரம் தமிழ்ல எழுதினீங்கன்னா அந்த விரல் ராத்திரி பேசும்.

கம்மி விலைக்கு ஆர்ஜிபி லைட்டெல்லாம் போட்டு "மெக்கானிக்கல் ஃபீல்", "செமி மெக்கானிக்கல்"னு எழுதியிருந்தா தாண்டிப் போயிடுங்க. உள்ள இருக்குறது சாதா ரப்பர் குமிழ், மேல லைட்டு, அவ்வளவுதான். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி நேர்ல வாங்குற எடம்னா தயங்காம ஒரு கீகேப்பை, அதான் கீ மேல இருக்குற மூடியை, பிடுங்கிக் காட்டச் சொல்லுங்க. கீழ தனித்தனி ஸ்விட்ச் டப்பா, அதுமேல கம்பெனி பேரு இருக்கணும். கடைக்காரர் மொறைப்பார், மொறைக்கட்டும்.

ஹாட் ஸ்வாப், அதாவது ஸ்விட்ச்சை சால்டர் பண்ணாம கையாலயே கழட்டி மாட்டுறது, இருந்தா கண்டிப்பா எடுங்க. ஒரு கீ ரெண்டு ரெண்டா எழுத ஆரம்பிச்சா மொத்த கீபோர்டையும் தூக்கிப் போட வேண்டாம், அந்த ஒரு ஸ்விட்ச்சை மாத்தினா முடிஞ்சுது. ஆனா இதுலயும் மாட்டிக்கிட்டேன். சில கீபோர்டுல 3 பின்தான் போகும், நான் வாங்கினது 5 பின், அந்த எக்ஸ்ட்ரா ரெண்டு பிளாஸ்டிக் காலை நெயில் கட்டரால வெட்டி மாட்ட வேண்டியதாப் போச்சு. அவசரத்துல கோணலா அமுக்குனதுல மூணு ஸ்விட்ச்சோட செம்புக் கால் மடங்கிடுச்சு, டி கீ வேலை செய்யலன்னு ரெண்டு நாள் டிரைவரை மாத்தி மாத்திப் போட்டேன், கழட்டிப் பாத்தா கால் மடிச்சுப் படுத்திருக்கு. பழைய பட்ஜெட் கீபோர்டு சிலதுல அவுட்டெமு ஸ்விட்ச் மட்டும்தான் போகும், அதோட கால் மெலிசு, அதையும் கேட்டுக்கோங்க.

ரோல்ஓவர்னு ஒண்ணு, ஒரே சமயத்துல எத்தனை கீ அமுக்கினா கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும்ங்கிற கணக்கு. பழைய ஆபீஸ் கீபோர்டுல ரெண்டு ஷிஃப்டையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மிச்ச விரலால எல்லா எழுத்தையும் ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க, நாலஞ்சு எழுத்து வரவே வராது. கேம்ல ஷிஃப்ட், டபிள்யூ, ஸ்பேஸ்னு சேத்து அமுக்குறோம், அங்க ஒண்ணு முழுங்கினா ஆள் குதிக்காம நிப்பான். மெக்கானிக்கல்னு பேர் இருந்தாலே இது சரியா இருக்கும்னு நெனைக்காதீங்க, எத்தனை கீ அமுக்கினாலும் போய்ச் சேரும்ங்கிற என்-கீ ரோல்ஓவர்னு போட்டிருக்கான்னு பாருங்க.

போலிங் ரேட், அதாவது கீபோர்டு ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லுதுங்கிற கணக்கு, 8000னு பெருசா அச்சடிச்சிருப்பாங்க. 1000-ன்னாலே ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, 8000-ன்னா 0.125. நம்ம கண்ணும் கையும் அந்த வித்தியாசத்தைப் பிடிக்காது, அதுக்குக் காசு கொடுக்காதீங்க. வயர்லெஸ்ல மட்டும் கவனம், ப்ளூடூத்ல வெச்சு கேம் ஆடாதீங்க, அது பெரும்பாலும் 125தான், கூட வர்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் குட்டி யூஎஸ்பி டாங்கிளைப் போட்டுக்கோங்க. கேபிள் மட்டும் கழட்டி மாட்டுற டைப்-சியா இருக்கட்டும்.

இப்போ பசங்க எல்லாம் காந்தம் வெச்ச ஹால் எஃபெக்ட் கீபோர்டுதான் கேக்குறாங்க. அதுல நெதர்லாந்துல இருக்குற வூட்டிங் கம்பெனி பிரபலம் பண்ண ரேபிட் ட்ரிக்கர்னு ஒரு வசதி, விரலை லேசா தூக்கினாலே கீ விட்டுடும். ஷூட்டிங் கேமுக்கு நிஜமாவே நல்லது, டாலிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. இதுல இன்னொரு கூத்து, ஏ-யும் டி-யும் சேத்து அமுக்கினா கடைசியா அமுக்கினதை மட்டும் எடுத்துக்குற வசதி சிலதுல உண்டு, ரேசர் அதை ஸ்னாப் டேப்னு விட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல கவுண்டர் ஸ்ட்ரைக் 2 கேம்ல, அந்த கேமோட கம்பெனி வால்வ் அதைத் தடை பண்ணி, அவங்க சர்வர்ல போட்டா மேட்ச்லேர்ந்து தூக்கிடுவோம்னு சொல்லிட்டாங்க. அந்த ஒரு வசதிக்காக காசு சேத்துப் போடுறதுக்கு முன்னாடி நீங்க ஆடுற கேமோட ரூல்ஸைப் பாத்துடுங்க.

கீகேப் பத்தி சுருக்கமா. ஏபிஎஸ் பிளாஸ்டிக் கொஞ்ச நாள்ல எண்ணெய் தடவின மாதிரி பளபளக்கும், பிபிடி அந்த சொரசொரப்போட ரொம்ப நாள் இருக்கும். பின்னாடி மாத்தணும்னு ஆசை இருந்தா ஸ்பேஸ்பார் 6.25 யூனிட் சைஸான்னு (ஒரு எழுத்து கீயோட அகலம்தான் ஒரு யூனிட்) பாத்துக்கோங்க, இல்லன்னா தனியா வாங்குற செட் பொருந்தாது. ஸ்டெபிலைசர்னு பெரிய கீக்குக் கீழ ஒரு கம்பி இருக்கும், ஃபுல் சைஸ்ல ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ், என்டர், ரெண்டு ஷிஃப்ட், நம்பர் பேட்ல பூஜ்யம், பிளஸ், என்டர்னு மொத்தம் எட்டு. ரிவ்யூல எல்லாரும் ஸ்பேஸ்பாரை மட்டும் தட்டிக் காட்டுவாங்க, நம்பர் பேட் பக்கம் மூணும் தகர டப்பா மாதிரி ஆடும், டாலிக்காரன் நாள் பூரா தட்டப் போறது அதைத்தான். கொஞ்சம் டைலக்ட்ரிக் கிரீஸ் அந்தக் கம்பியில மட்டும் தடவினா அடங்கும், ஸ்விட்ச்சுக்குள்ள தடவிடாதீங்க.

தம்பி கடைசில ஃபுல் சைஸ்தான் வாங்கினான், ப்ரவுன், ஹாட் ஸ்வாப், வயர் வெச்சது. அவன் வீட்டுப் பலகையை அளந்து பாக்கச் சொன்னேன், 58 வந்துச்சு. இப்போ கீபோர்டும் மவுஸும் டேபிள் மேல ஏறிடுச்சு, அந்த இழுக்குற பலகைல சித்தி கரண்ட் பில்லும் சுகர் மாத்திரையும் வெச்சிருக்காங்களாம்.