ட்ரைசூட்டில் பி-வால்வு: ஓட்டை போடுவதற்கு முன் ஒருமுறை குந்திப் பாருங்கள்

தண்ணீருக்குள் இறங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, கரையிலேயே போய்விட்டு வந்த ஒன்றுக்கு மறுபடி முட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் சிறுநீர்ப்பையில் கோளாறு எதுவும் இல்லை. தண்ணீரின் அழுத்தமும் குளிரும் சேர்ந்து கைகாலில் இருக்கும் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகின்றன, உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் எடுத்துக்கொள்கிறது, உடனே சிறுநீரகம் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. ட்ரைசூட் (உள்ளே தண்ணீர் புகாத டைவிங் உடை) போட்டவருக்கு அடக்குவது, டயப்பர், பி-வால்வு (உடம்பில் மாட்டிய ஹோஸ் வழியாக வரும் சிறுநீரை சூட்டுக்கு வெளியே விடும் வால்வு) என்று மூன்றே வழி. காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களும் உண்டு. அது மட்டும் வேண்டாம். உடம்பு வறண்டு போய் டைவ் செய்தால் டிகம்ப்ரஷன் நோய்க்கான (மேலே வரும்போது அழுத்தம் குறைந்து உடம்பில் வாயுக் குமிழி உண்டாவது) ஆபத்து கூடும்.

வால்வு இரண்டு வகை. பேலன்ஸ்டு, அன்பேலன்ஸ்டு. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் மாட்டிக்கொள்ளப்போகும் உறுப்பை நினைத்துப் பாருங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு, அதாவது ஹோஸுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப எதுவும் வராவிட்டால் ஹோஸ் உறிஞ்ச ஆரம்பிக்கும், எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேலன்ஸ்டு வால்வு சூட்டுக்குள் இருக்கும் காற்றையே கொஞ்சம் ஹோஸுக்குள் விட்டுச் சமன் செய்துவிடும். அன்பேலன்ஸ்டு வாங்கினால், இறங்குவதற்கு முன் மேலேயே கொஞ்சம் சிறுநீர் விட்டு ஹோஸை நிரப்பிக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் பேலன்ஸ்டையே வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, எங்கே பொருத்துவது? பலர் கோட்டை விடுவது இங்கேதான், நானும் விட்டேன். நின்றபடி தொடையில் குறி போட்டேன், அழகாகத்தான் இருந்தது. போட்டுக்கொண்டு முட்டி போட்டதும் ஹோஸ் இரண்டாக மடிந்து அடைத்துக்கொண்டது. போன சிறுநீர் வெளியே போக வழியில்லாமல் கதீட்டரை (ஹோஸை உடம்போடு இணைக்கும் உறையை) பிடுங்கிக்கொண்டு உள்ளே பரவியது. முதல் ஐந்து நொடி வெதுவெதுப்பாக நன்றாகவே இருந்தது, அப்புறம் ஒரு மணி நேரம் குளிர். அதனால் உள்ளாடை, சூட், ஹார்னஸ் (சிலிண்டரைத் தாங்கும் பட்டை) எல்லாம் முழுசாகப் போட்டுக்கொண்டு நில்லுங்கள், உட்காருங்கள், குந்துங்கள், நீந்துவதுபோல் காலை ஆட்டுங்கள். தொடையின் முன்பக்கம், கொஞ்சம் உள்பக்கமாக, கை எளிதாக எட்டும் இடமாக, பாக்கெட்டும் இடுப்புப் பட்டையும் உரசாத இடமாகப் பாருங்கள். சாக்பீஸால் குறி போட்டுவிட்டு சூட்டைக் கழற்றி, அந்த இடத்தின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். தையலோ டேப்போ தட்டுப்பட்டால் இரண்டு விரல் தள்ளிப் போங்கள், தையல் மேல் வால்வு உட்கார்ந்தால் ஒழுகும்.

ஓட்டை போடுவது ஐந்து நிமிட வேலை. காலுக்குள் ஒரு மரப்பலகையை, சமையலறை வெட்டுப்பலகைகூடப் போதும், நுழைத்துவிட்டுத்தான் பஞ்ச் என்ற துளை போடும் கருவியை வையுங்கள். பலகை இல்லாமல் அடித்தால் தொடையின் பின்பக்கமும் சேர்ந்து ஓட்டையாகும், அப்புறம் வால்வு ஒன்று, ஓட்டை இரண்டு. வால்வின் திருகுத் தண்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவே ஓட்டை. நியோப்ரீன் (நுரை ரப்பர்) சூட் இழுபடும், அதற்கு ஒரு சுற்று சின்னதாகவே போடலாம். ட்ரைலாமினேட் என்ற மூன்றடுக்குத் துணியில் சுத்தமாக வெட்டும் கூர்மையான பஞ்ச் வேண்டும். கத்தரிக்கோலால் சுரண்டி வெட்டினால் நூல் பிரியும். பிசிறு தெரிந்தால் விளிம்பில் அக்வாசீல் பசையை மெல்லிசாகத் தடவி ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். துணி மெல்லியதாக இருந்தால் உள்பக்கம் வட்டமாக ஒரு ஒட்டுத்துண்டையும் முதலிலேயே ஒட்டிவிட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு ஓட்டை போடுவது நல்லது.

வால்வின் இரண்டு பாதிகளும் துணியை நடுவில் வைத்து நெரிக்கின்றன, தண்ணீரைத் தடுப்பது அந்த நெரிப்புதான். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் வாஷரும் எந்தப் பக்கம் என்று கூடவே வந்த படத்தைப் பார்த்து வையுங்கள். இறுக்கும்போது துணியோடு ஒட்டியிருக்கும் பாதியை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் திருகுங்கள். துணி சேர்ந்து சுழன்று சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கம் வழியாகவே ஒழுகும். கையால் இறுக்கி, கடைசியில் கால் சுற்று கருவியால். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் மரை போய்விடும்.

ஹோஸை வெட்ட அவசரப்படாதீர்கள். குந்தினாலும் இழுக்காத நீளம், நின்றால் மடியாத நீளம், இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு இருக்கிறது, சந்தேகம் வந்தால் நீளமாகவே விடுங்கள். உள்ளாடையில் ஜிப் வழியே ஹோஸ் வராவிட்டால் பட்டன் துளை மாதிரி ஒன்று வெட்டித் தைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு ஆணுறை மாதிரி மாட்டும் கதீட்டர். அளவு முக்கியம், பெருமைக்காகப் பெரிய சைஸ் எடுத்தவர்கள் எல்லோரும் நனைந்திருக்கிறார்கள். முடியைக் கத்தரித்து, தோலைக் காயவைத்து, மாட்டியபின் பசை பிடிக்க ஒரு நிமிடம் கையால் அழுத்திப் பிடியுங்கள். பெண்களுக்கு மருத்துவப் பசையால் ஒட்டும் கிண்ணம் போன்ற கருவி உண்டு, அதை ஒட்டிப் பழக வீட்டில் சில தடவை முயன்றுதான் ஆக வேண்டும்.

கடலுக்குப் போகும் முன் இரண்டு சோதனை. மணிக்கட்டு சீல்களில் பாட்டிலையும் கழுத்து சீலில் ஒரு பந்தையும் செருகி, சூட்டைக் காற்றடித்து, வால்வைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் ஒழுகல். ஹோஸின் முனையை அடைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் அது வழியாகவே காற்று போய் உங்களைக் குழப்பும். அடுத்தது குளியலறையில், எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நிஜமாகவே போய்ப் பார்ப்பது. உடை போட்டுக்கொண்டு போக மனசு லேசில் சம்மதிக்காது, அந்தத் தயக்கத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். டைவில் முதலில் கொஞ்சமாகப் போய், தடையில்லாமல் வெளியேறுகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை விடுங்கள். கதீட்டர் மாட்டாத நாளில் வால்வை மூடி, ஹோஸ் முனைக்கும் அடைப்பான் போட்டுவிட வேண்டும்.

கழுவுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2018-இல் தாய்லாந்து குகையில் சிக்கிய சிறுவர்களை மீட்பதில் பங்கெடுத்த ஆஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ், 2009-இலேயே பி-வால்வால் டைவர்களுக்கு வந்த சிறுநீர்த் தொற்று பற்றியும் அழுத்தக் காயம் பற்றியும் எழுதியிருக்கிறார். ஈரமான ஹோஸ் கிருமிக்குச் சொகுசான வீடு. ஒவ்வொரு டைவ் நாள் முடிந்ததும் நல்ல தண்ணீர் ஓடவிட்டு, கிருமிநாசினியைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலந்து ஊற்றி, மறுபடி அலசி, இரண்டு முனையும் திறந்தபடி தொங்கவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகவில்லையென்றால் ஹோஸை மாற்றிவிடுங்கள்.