சுற்றுலா விசா: விண்ணப்பத்துக்கு முன் தேதிகளைக் கணக்கிடுங்கள்

வெளிநாட்டுப் பயணம் முடிவானதும் பலர் முதலில் விமானக் கட்டணத்தைத் தேடுகிறார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதி. பல நாடுகள், பயணி வந்திறங்கும் நாளிலிருந்து இன்னும் 6 மாதங்களுக்குப் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. ஒரே விசாவில், இடையே எல்லைச் சோதனையின்றிப் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விதி வேறு: அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு 3 மாதங்களாவது அது செல்ல வேண்டும், வழங்கப்பட்டு 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது.

விசா தேவையா என்பதைப் பெரும்பாலும் உங்கள் குடியுரிமையே தீர்மானிக்கிறது. எந்த ஊரிலிருந்து விமானம் ஏறுகிறீர்கள் என்பதல்ல. விசா தேவையில்லை என்றாலும் முன்அனுமதி தேவைப்படலாம். விசா விலக்குத் திட்டத்தில் அமெரிக்கா செல்பவர்கள் புறப்படும் முன்பே 'எஸ்டா' என்ற இணையவழி முன்அனுமதியைப் பெற்றாக வேண்டும். இத்தகைய அனுமதிகளுக்கு அந்தந்த அரசின் இணையதளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள்; அதே தோற்றத்தில் இயங்கிக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் ஏராளம்.

மிகுதியானவர்கள் தடுமாறுவது நாள் கணக்கில்தான். விசாவில் அச்சிட்டிருக்கும் செல்லுபடிக் காலம் ஒன்று, தங்க அனுமதிக்கப்பட்ட நாட்கள் மற்றொன்று. 6 மாதம் செல்லுபடியாகும் விசாவில் 30 நாள் தங்கலாம் என்று இருந்தால், 31ஆம் நாள் நீங்கள் விதியை மீறியவராகிவிடுவீர்கள். ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 50 நாள் தங்கிவிட்டு மே 1 அன்று மீண்டும் நுழைபவர், தொடர்ச்சியாக 40 நாள், அதாவது ஜூன் 9 வரை, இருக்கலாம். 'ஒருமுறை நுழைவு' விசாவில் இடையே பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டால் திரும்பி நுழைய முடியாது என்பதையும் திட்டமிடும்போதே நினைவில் வையுங்கள்.

பல ஷெங்கன் நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால், முதலில் நுழையும் நாட்டில். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பம் ஏற்கப்படும் என்றாலும், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுவது ஆபத்து. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். எந்த நாட்டு விண்ணப்பமானாலும் விடுதி முன்பதிவு, பயணத் திட்டம், விடுப்புக் கடிதம் ஆகியவற்றில் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். விண்ணப்பத்துக்குச் சற்று முன் வங்கிக் கணக்கில் திடீரென ஒரு பெரிய தொகை சேர்ந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரத்தையும் உடன் இணையுங்கள். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத பயணச்சீட்டை வாங்க வேண்டாம்.

இடையில் விமானம் மாறும் நாட்டையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்குக்கூடப் பொதுவாகக் குடிவரவுச் சோதனையைக் கடக்க வேண்டும். ஆகவே உரிய விசாவோ முன்அனுமதியோ இல்லாமல் அவ்வழியே செல்ல முடியாது. தனித்தனியாக வாங்கிய சீட்டுகளில் பயணிப்பவர்கள் பெட்டியை எடுத்து மீண்டும் பதிவு செய்ய அந்நாட்டுக்குள் நுழைய நேரலாம் என்பதால், இதைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடுகளுக்குச் செல்பவர்கள், ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்தே அச்சான்று செல்லும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

விசா இருந்தாலும் உள்ளே அனுமதிப்பது எல்லை அதிகாரியின் முடிவு. ஆவணங்களின் அச்சுப் பிரதிகளைக் கைப்பையில் வைத்திருங்கள். முத்திரை குத்தும் நாடுகளில், அதில் எழுதிய தேதி சரியா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிட்டு நகருங்கள்.