பாட்டி காலத்துப் பெயரின் ஊரும் வயதும்: கண்டுபிடிப்பது எப்படி?

பெண் குழந்தைக்கு அலமேலு என்று பெயர் வைக்கப் போகிறேன் என்று இன்றைக்கு யாராவது சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் ‘அட, எங்க பாட்டி பேரு’ என்பார்கள். இணையத்தில் தேடினால் ‘லட்சுமி என்று பொருள்’ என்று ஒரு வரி, கூடவே அதிர்ஷ்ட எண், ராசி நிறம். அந்த ஒரு வரி தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பெயர் எந்த ஊரிலிருந்து கிளம்பியது, யார் வீடுகளில் புழங்கியது, எப்போது ஓய்ந்தது என்பதையெல்லாம் நீங்களே தோண்டி எடுக்கலாம், பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. அலமேலுவையே எடுத்துக்காட்டாக வைத்து வழியைச் சொல்கிறேன், நீங்கள் உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

முதல் வேலை, அந்தப் பெயர் எத்தனை உருவத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று சேகரிப்பது. அலமேலு, அலமேலம்மாள், அலமேலுமங்கை, அலர்மேல்வல்லி, வீட்டுக்குள் அலமு: எல்லாம் ஒரே ஆள்தான். அம்மாள், ஆயி, ஆத்தாள், வல்லி, நாயகி போன்ற வால்களைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் பெயரை மட்டும் பாருங்கள். பழைய கிரயப் பத்திரம், பட்டா, பள்ளிக்கூட டி.சி., ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை இதிலெல்லாம் பாட்டி பெயர் ஒவ்வொரு விதமாக இருக்கும், ஏனென்றால் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அப்புறம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: ‘பதிவுப் பேரு எது, கூப்பிடுற பேரு எது?’ பேத்திக்குப் பாட்டி பெயரை வைப்பது நம் பக்கம் வெகுநாள் வழக்கம், ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள், அதனால் அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்கப் பாப்பாவாகவோ பட்டுவாகவோ அம்மாக்கண்ணுவாகவோ இருந்துவிடும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரே கிடையாது என்று சத்தியம் செய்பவர்கள் வீட்டுப் பத்திரத்திலேயே அது உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது பெயரைப் பிரிப்பது. இங்கேதான் ஆளாளுக்கு அடித்துவிடுவார்கள், நிதானமாகப் போங்கள். பேச்சில் என்ன நடக்கும் என்பதற்குச் சில பழக்கங்கள் உண்டு. கடைசியில் மெய்யெழுத்து வந்தால் ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும், வேல் வேலு ஆவது போல. நடுவில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் ஒன்று தேய்ந்துவிடும். இதைத் திருப்பிப் போட்டால் அலமேலு, அலமேல் ஆகி, அலர்மேல் ஆகி, கடைசியில் ‘அலர்மேல் மங்கை’யில் போய் நிற்கும். அலர் என்றால் மலர், அதாவது தாமரைமேல் இருக்கும் மங்கை. இதில் வேடிக்கை என்னவென்றால், சுருக்கியபோது மங்கை கழன்றுவிட்டாள், மிச்சம் இருப்பது ‘மலர்மேல்’ மட்டும்தான்! சந்தேகமான சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குழந்தைப் பெயர்த் தளங்களை நான் இந்தக் கட்டத்தில் பக்கத்திலேயே விடமாட்டேன்.

பழைய உருவம் கையில் கிடைத்ததும் அதைப் பழைய நூல்களில் தேடுங்கள். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இதற்குப் போதும். இன்றைய உருவத்தைப் போட்டுத் தேடாதீர்கள், ‘அலமேலு’ என்று தேடினால் பாசுரம் வராது, ‘அலர்மேல்’ என்று தேடினால் வரும். நம்மாழ்வாரின் திருவாய்மொழி, ஆறாம் பத்து, பத்தாம் பதிகம், பத்தாவது பாசுரம்: ‘அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா’. திருவேங்கடத்தானைப் பாடியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டு. அதனால் ஆயிரம் ஆண்டாகப் பெண் குழந்தைகளுக்கு இந்தப் பெயர் இருக்கிறது என்று துள்ளக் கூடாது. தெய்வத்தின் பெயர் பாட்டில் இருப்பது வேறு, அது தெருவில் விளையாடும் குழந்தையின் பெயராவது வேறு, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காலமும் ஓடியிருக்கலாம்.

சரி, கோயிலுக்கு வருவோம். என்னைக் கேட்டால் பழைய தமிழ்ப் பெண் பெயர்களுக்கு அகராதியைவிட நல்ல சாவி கோயில்தான், ஏனென்றால் அர்த்தத்துக்காக வைத்த பெயர்களைவிட அந்தந்த ஊர் அம்மனுக்காக, பெருமாள் கோயில் தாயாருக்காக வைத்த பெயர்களே ஏராளம். காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதி என்றால் சங்கரன்கோவில். தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோவில், உண்ணாமுலை திருவண்ணாமலை, அகிலாண்டம் திருவானைக்காவல், நீலாயதாட்சி நாகப்பட்டினம், கற்பகம் மயிலாப்பூர், அபிராமி திருக்கடையூர். பெருமாள் கோயில் பக்கம் பார்த்தால் ரங்கநாயகி ஸ்ரீரங்கம், பெருந்தேவி காஞ்சிபுரம், செங்கமலம் மன்னார்குடி, கோமளவல்லி கும்பகோணம், வேதவல்லி திருவல்லிக்கேணி. வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையால் ஊர் ஊராக எத்தனை ஆரோக்கியமேரிகள் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டி பெயர் இப்படிப்பட்டது என்றால், அவருடைய அம்மா வழியோ அப்பா வழியோ அந்த ஊரைச் சுற்றி வேர் இருந்திருக்கலாம், அல்லது அங்கே நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளையாக இருக்கலாம். இரண்டையும் வீட்டுப் பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

அலமேலுவின் ஊர் திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் திருச்சானூர். அங்கே தாயாருக்கு வடமொழியில் பத்மாவதி, தமிழில் அலர்மேல் மங்கை. ஆக, பத்மாவும் அலமேலுவும் உறவுக்காரப் பெயர்கள். ஏழுமலையானைக் குலதெய்வமாகக் கொண்ட வீடுகளில், அவர்கள் எந்தச் சாதியானாலும், இந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். ஐயங்கார் வீட்டுப் பெயர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது சரியில்லை. வட மாவட்டங்களைக் கட்டாயம் பாருங்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை திருப்பதியே வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது, வேலூர், ஆற்காடு பக்கத்து ஆட்களுக்கு அது வேற்றூர் இல்லை.

பெயர் மொழி தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டில் திருப்பதியில் பாடிய தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் முழுக்க அலமேலுமங்கா வருகிறாள், தெலுங்கு வீடுகளில் அது அலிவேலு என்றும் ஆகிவிட்டது. கன்னடத்தில் அலமேலம்மா. மைசூர் உடையார்கள் 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபோது, அங்கே விஜயநகரப் பிரதிநிதியாக இருந்தவரின் மனைவி அலமேலம்மா, நகைகளைப் பறிக்க ஆள் வந்ததும், காவிரிக்கரை ஊர்களான தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டுக் காவிரியில் குதித்தாள் என்பது கதை. கதை எவ்வளவு உண்மையோ, ஒரு தமிழ்ப் பாசுரத் தொடர் மைசூர் அரண்மனை வரை பெயராகப் போயிருக்கிறது. உங்கள் பாட்டி பெயரும் தெலுங்கிலோ கன்னடத்திலோ மலையாளத்திலோ சற்றே மாறி இருக்கலாம், அந்த மொழி பேசும் நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

பெரிய கோயிலில் பிடி கிடைக்காத பெயர்களும் நிறைய. பேச்சி, இசக்கி, மாடத்தி, அங்காளம்மாள், பச்சையம்மாள் என்றால் குலதெய்வக் கோயிலைக் கேளுங்கள். இன்னொரு வகை இருக்கிறது, அதை மட்டும் வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்பார்கள், எமனுக்குக்கூட வேண்டாத பிள்ளையாகத் தெரியட்டும் என்று. அது பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற ஆசையில் வைத்த பெயர், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் போதும்பொண்ணு, வேண்டாம் என்பவை அப்படியில்லை. அவை பெண்ணாகப் பிறந்துகொண்டே இருக்கிறதே என்ற சலிப்பில் வைத்தவை. பாட்டி மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் அதைப் பேத்தி தலையில் கட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இனி எண்ணிக்கை. அமெரிக்காவில் அரசே 1880 முதலான பெயர்க் கணக்கை ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை, ஆனால் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தொகுதியையும் பாகத்தையும் (வாக்குச்சாவடிவாரியான பிரிவு) தேர்ந்தெடுத்தால் பட்டியல் தமிழிலேயே இறங்கும். பெயர், பாலினம், வயது எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலும் படமாக இருக்கும், தேடுபெட்டி வேலை செய்யாது, உட்கார்ந்து கண்ணால்தான் படிக்க வேண்டும். குடும்ப ஊரின் பாகங்கள் இரண்டு மூன்றை எடுத்து, பெண்களை மட்டும் 75-க்கு மேல், 50 முதல் 74, 30 முதல் 49, 30-க்குக் கீழ் என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் மொத்தம் எத்தனை பெண்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். 40 பாட்டிகளில் 2 அலமேலு இருப்பதும் 300 இளம்பெண்களில் 2 அலமேலு இருப்பதும் ஒன்றல்ல. உறவினர் பெயர் என்ற இடத்தில் தாயார் பெயர் வந்தால் அதையும் தனியாகக் குறியுங்கள், இறந்துபோனவர்களில் சிலர் அந்த வழியாக அகப்படுவார்கள். வயதானவர்களின் வயது குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம், ஐந்து வருடம் முன்பின் என்று வைத்துக்கொள்வதே நல்லது. பிறகு தூரத்து மாவட்டம் ஒன்றிலும் ஒரு பாகத்தைப் பாருங்கள், அப்போதுதான் பெயர் அந்த வட்டாரத்துக்கே உரியதா, எங்கும் இருந்ததா என்று புரியும். எண்ணுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், யார் வீட்டு எண்ணையும் பெயரையும் எடுத்து எங்கும் போடாதீர்கள்.

கணக்கைப் பார்க்கும்போது பெயர் ஏன் குறைந்தது என்பதும் தானாகத் தெரிய வரும். ஒரு கட்டத்தில் தமிழ்ச்செல்வி, கயல்விழி, பூங்கொடி என்று ஓர் அலை, அதற்குப் பிறகு ஸ்ரீ, ஷா, யா என்று முடியும் இரண்டெழுத்து மூன்றெழுத்துப் பெயர்கள். ‘பழசு’ என்ற முத்திரை விழுந்தது நீளப் பெயர்கள் மேல் மட்டுமில்லை, சினிமாவும் நாடகமும் சிரிப்புக்கு இழுத்த பெயர்கள் இன்னும் வேகமாக ஒதுங்கின. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ராஜராஜனின் அக்கா குந்தவையின் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருப்பதுதான், ஆனால் 1950-இல் பொன்னியின் செல்வன் தொடராக வர ஆரம்பித்த பிறகே அது வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஆனது. அதே கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் பெண்கள், 400 பேரின் பெயர்களும் இருக்கின்றன. அரிய பெயர் தேடுபவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை படிக்க வேண்டும், பரவை மாதிரி அழகான பெயர்கள் அங்கே சும்மா கிடக்கின்றன.

எல்லாம் பார்த்துப் பெயர் பிடித்துவிட்டது என்றால், முழுப் பெயரையும் கூப்பிடும் பெயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அலர்மேல்மங்கை என்று பதிந்து அலமு என்று கூப்பிடலாம், அலர் என்று மட்டும்கூட வைக்கலாம், கேட்க நன்றாகவே இருக்கிறது. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் அப்போதே வேண்டும் என்றில்லை. 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் சேர்க்கும் அன்றைக்கே ஒரே மாதிரி முடிவு செய்து எழுதிக் கொடுங்கள், அலமேலுவின் ‘மே’யை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், பிறகு ஆதாரில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாக இருந்தால் திருத்த அலைவது பிள்ளைதான்.