பின்னம் கற்பிக்க ஏழு காகிதக் கீற்றுகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக் கடையொன்றில் தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் கால், அரை, முக்கால் என்னும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. அங்கே கால் கிலோவைச் சரியாகக் கேட்டு வாங்கும் பிள்ளை, வகுப்பில் 1/4, 1/8 ஆகியவற்றுள் எது பெரிது என்று கேட்டால், எட்டு பெரிய எண் என்பதால் 1/8 என்று சொல்லிவிடுவதுண்டு.

முதலில், ஒவ்வொருவருக்கும் 16 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள ஏழு கீற்றுகளைக் கொடுங்கள். வட்டமான தோசைப் படம் வேண்டாம் என்பேன். வட்டத்தைச் சமமாக வெட்டப் பெரியவர்களுக்கே கை வராது. ஒரு கீற்று முழுதாக இருக்கட்டும். அடுத்ததை ஒருமுறை மடித்து வெட்டினால் அரை, 8 செ.மீ.; மூன்றாவதை இருமுறை மடித்தால் கால், 4 செ.மீ.; அடுத்தவை அரைக்கால், 2 செ.மீ.; வீசம், அதாவது 1/16, 1 செ.மீ. மடிப்பு கூடக் கூடத் துண்டு சிறுப்பதைக் கையே உணர்ந்துவிடும்.

பிறகு சொற்களுக்கு வாருங்கள். அரைக்கால் என்பது காலில் அரை; 1/2 × 1/4 = 1/8 என்னும் பெருக்கல் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முக்கால் என்பது மூன்று கால்; கால் என்பது துண்டின் பெயர், அதுவே பகுதி; மூன்று என்பது எண்ணிக்கை, அதுவே தொகுதி. 'நான்கில் மூன்று' என்று வாசிக்கும்போது நான்கு முதலில் காதில் விழுவதால் சிலர் 4/3 என்று எழுதுவார்கள். 'மூன்று கால்கள்' என்று சொல்லவைத்தால் அது குறையும். மலையாள வழியில் படித்து வந்த பிள்ளை பகுதியைச் 'சேதம்' எனும்போது மற்றவர்கள் சிரிக்கக்கூடும். அம்மொழியில் அதற்கு வெட்டு என்று பொருள், நாம் செய்வதும் வெட்டுவதுதானே.

கூட்டலில், 1/2 + 1/4 = 2/6 என்று எழுதிய பிள்ளையை உடனே திருத்தாமல், அரைத் துண்டையும் கால் துண்டையும் முழுக்கீற்றின்மேல் ஒட்டினாற்போல் வைக்கச் சொல்லுங்கள். ஆறில் மூன்றே அரை. அரையோடு கால் சேர்ந்தது எப்படி ஆறில் இரண்டாகக் குறையும்? அரையின் இடத்தில் இரண்டு கால் துண்டுகளை வைத்ததும் முக்கால் தெரிந்துவிடும்.

மீதமுள்ள இரண்டு கீற்றுகள் 1/3, 1/5 ஆகியவற்றுக்கு; இவை பாதி பாதியாக மடித்தால் வாரா. கோடு போட்ட பெரிய நோட்டில், கீற்றின் ஓரத்தை முதல் கோட்டிலிருந்து நான்காம் கோடு வரை சாய்த்து வைத்து, இடையிலுள்ள இரண்டு கோடுகள் அந்த ஓரத்தைத் தொடும் இடங்களில் குறியிட்டால் மூன்று சம பங்குகள் கிடைக்கும்; ஐந்து பங்குகளுக்கு ஆறாம் கோடு வரை சாய்க்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கை அளவுகோலால் அளந்து வெட்ட முயல வேண்டாம். அது ஐந்தேகால் செ.மீ.க்குச் சற்று மேலே, எந்தக் கோட்டிலும் சேராமல் நிற்கும்.